எல்லவுக்குக் கப்பலில் போனோம்

இலங்கை மலைநாட்டில், பதுளையில் எங்கள் வீட்டு வாசலில் பஸ் ஏறினால் எல்லவுக்கு ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. அந்த எல்லவைப் பார்ப்பதற்காகச் சென்னைக்குப் போய், மூக்கில் குச்சி விட்டுச் சோதித்துக்கொண்டு, கப்பல் ஏறி, கடலில் கிடந்து வந்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, நாங்கள் வங்காள விரிகுடாவையே சுற்றிவந்து தொட்டோம். ஆனாலும் அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் நன்றிதான் முதலில் வருகிறது. கோபம் பிறகுதான் வருகிறது, அதுவும் டீயைப் பற்றியது.

போன காரியம் வேறு. என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் புரை. மகள் சென்னையில் இருப்பதால் அங்கே ஒப்பரேசன் செய்தோம். கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்ததும் அவர் முதலில் பார்த்தது, மருமகனின் கம்பெனி இனாமாகக் கொடுத்த இரண்டு கப்பல் டிக்கெட்டுகளை. மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. "கப்பல் அம்பாந்தோட்டைக்குப் போகுதாம்ப்பா, நீங்களும் அம்மாவும் போயிட்டு வாங்க" என்றாள் மகள்.

என் வீட்டுக்காரர் பதுளை டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓரிடத்தில் புறப்பட்டு இன்னோரிடத்துக்குப் போகிற எதுவும் அவருக்கு பஸ்தான். அம்பாந்தோட்டை என்று கேட்டதுமே கணக்குப் போட்டுவிட்டார். அங்கே இறங்கினால் வெல்லவாய, வெல்லவாயவிலிருந்து பதுளை, விமான டிக்கெட் மிச்சம். ஆகவே ஊருக்குத் திரும்புகிற மூட்டையை அப்படியே கட்டினோம். புது குக்கர், பேரப்பிள்ளைகளின் பழைய சட்டைகள், இரண்டு கிலோ முறுக்கு, எல்லாம் கப்பலில் ஏறின.

ஏறுவதற்கு முன் ஒரு மண்டபத்தில் தள்ளித் தள்ளிப் போட்ட கதிரைகளில் உட்காரவைத்து மூக்கில் குச்சி விட்டார்கள். நான் தேயிலைத் தோட்டங்களில் மிட்வைஃபாக வேலை செய்தவள். எத்தனையோ பேருக்கு ஊசி போட்டுவிட்டு "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரி" என்று சொல்லியிருக்கிறேன். குச்சி என் மூளையைத் தேடிப் போனபோது அந்த எறும்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டேன். முடிவுக்காகக் காத்திருந்தோம். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு குடும்பத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி, பெட்டியோடு வெளியே அனுப்பினார்கள். அந்தத் தாய் திரும்பித் திரும்பிக் கப்பலைப் பார்த்துக்கொண்டே போனாள்.

எங்களுக்குக் கோடு ஒன்றுதான். கையில் ஒரு பட்டியைக் கட்டிவிட்டார்கள். நாங்கள் எங்கே நிற்கிறோம், யார் பக்கத்தில் நிற்கிறோம் என்பதெல்லாம் அதில் தெரியுமாம். வார்டில் தாய்க்கும் பிள்ளைக்கும் நான் கட்டிவிட்ட பட்டிகள் இவ்வளவு புத்திசாலிகள் அல்ல.

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் என் வீட்டுக்காரர் தன் கணக்கைச் சொன்னார். அம்பாந்தோட்டையில் இறங்கிக்கொள்கிறோம், திரும்பும் வழிக்கான காசைத் தரவேண்டாம், இனாம் டிக்கெட்தானே என்று பெருந்தன்மையாகவும் பேசினார். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். சென்னையில் ஏறியவர்கள் சென்னையில்தான் இறங்கவேண்டும். துறைமுகத்தில் கப்பல் ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் மட்டும் சுற்றிப் பார்க்கலாம். வெளியாட்களோடு சேரக்கூடாது, கடைக்குப் போகக்கூடாது. இதற்கு பபிள் என்று பெயர். பபிளை விட்டு வெளியே போனவர்களைத் திரும்ப ஏற்றமாட்டார்கள்.

"திரும்ப ஏத்த மாட்டீங்களா? அதைத்தானே நானும் கேக்கிறேன்" என்றார் இவர்.

அந்தப் பெண், பெட்டிகளும் பாஸ்போர்ட்டும் சென்னைக்குத்தான் போகும் என்றும், பஸ்ஸில் கூட வந்த அத்தனை பேரையும் அறைக்குள் அடைத்துவைப்பார்கள் என்றும் சொன்னாள். பாஸ்போர்ட் என்றதும் இவர் அடங்கினார். உலகம் ஒரு திசையில் போகும்போது நாங்கள் மட்டும் ஏன் இறங்கவேண்டும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

முதல் நாள் சாப்பாட்டிலேயே மனம் குளிர்ந்துவிட்டது. முன்பெல்லாம் கப்பலில் நாமே தட்டை ஏந்திப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். நோய் வந்தபிறகு கரண்டியை யாரும் தொடக்கூடாது என்று கண்ணாடிக்குப் பின்னால் ஆட்களை நிறுத்தி, அவர்கள் கையாலேயே பரிமாறினார்கள். கூட வந்தவர்கள் இதை ஒரு குறையாகச் சொன்னார்கள். எனக்கு அதுதான் முறையாகப்பட்டது. நாமே அள்ளிப் போடுவது பசி, இன்னொருவர் போட்டால்தான் விருந்து. "இன்னும் கொஞ்சம்" என்று கேட்க இவருக்குக் கூச்சம், நின்ற இடத்தில் நின்றே கண்ணாடிக்குள் இருந்த கோழியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பரிமாறிய பையன்களுக்கு அந்தப் பார்வை எந்த மொழியிலும் விளங்கியது.

டீயைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. தேயிலைக்குப் பேர்போன ஊவாவிலிருந்து போனவளுக்கு நூல் கட்டிய பொட்டலத்தைக் கொடுத்து, வெந்நீரில் நனைத்துக்கொள் என்றார்கள். நன்றியோடு குடித்தேன்.

அன்று பின்னேரம் ஆபத்து ஒத்திகை. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். கப்பலிலும் பெரட்டு இருக்கிறது, ஆனால் கூட்டம் சேரக்கூடாது என்பதால் ஒவ்வொருவராகப் போய்க் கைப்பட்டியைக் காட்டிவிட்டு வந்துவிட வேண்டும். பேர் கூப்பிட யாருமில்லை, பிந்தி வந்தால் திட்டவும் யாருமில்லை. "வெள்ளைக்காரன் காலத்துல இப்படி இருந்திருந்தா நம்ம சனம் சந்தோசமா வேலைக்குப் போயிருக்கும்" என்றார் இவர்.

அறையில் ஒரு கடதாசி இருந்தது. வேலையாட்களுக்கான அன்பளிப்பு ஒவ்வொரு நாளும் எங்கள் கணக்கில் தானாகவே சேர்ந்துவிடும் என்று அதில் எழுதியிருந்தது. இவருக்கு அது பிடிக்கவில்லை. "நாம குடுத்தா சந்தோசம். அவங்களா எடுத்துக்கிட்டா அது வரி" என்றார். எனக்கு அந்த விஷயத்தில் அனுபவம் உண்டு. பிரசவம் நல்லபடியாக முடிந்தால் லயத்து வரிசை வீடுகளின் சனம் சந்தோசம் கொடுக்காமல் விடாது. காசு வாங்கமாட்டேன் என்று தெரிந்ததால் என் குவாட்டர்ஸ் வாசலில் கோழியைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கோழியை எப்படித் திருப்பிக் கொடுப்பது, எல்லாக் கோழியும் ஒன்றுபோலத்தான் பார்க்கிறது.

இரண்டாம் நாள் முழுக்கக் கடல். வழக்கம்போல இருட்டோடு எழும்பி, கட்டில் விரிப்பை இழுத்துச் செருகி, குளியலறையைக் கழுவி, தரையையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். பிறர் படுத்து எழும்பிய விரிப்பை வாழ்நாளெல்லாம் மாற்றியவள் நான். என் விரிப்பை இன்னொருவர் தொடுவதற்கு மனம் ஒப்பவில்லை. காலையில் அறை சுத்தம் செய்ய வந்த தம்பி கதவடியில் நின்று உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றான். நாங்கள் வெளியே போனபிறகுதான் அவர்கள் உள்ளே வரலாம், அதுவும் நோய்க்கால விதி. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அதில் பயம் இருந்தது.

"மேடம், ப்ளீஸ், இதை நீங்கள் செய்யக்கூடாது. சூப்பர்வைசர் பார்த்தால் நான் வேலை செய்யவில்லை என்று நினைப்பார்" என்றான் ஆங்கிலத்தில்.

நான் இவரிடம் திரும்பி, "நம்ம காம்பராவ நாம கூட்டினா அவருக்கு என்னவாம்?" என்றேன்.

அந்தத் தம்பியின் கண் மாறியது. காம்பரா என்று வீட்டு அறையைச் சொல்கிற சனம் உலகத்தில் கொஞ்சம்தான். அவன் அடுத்துக் கேட்டதும் எங்கள் சனம் மட்டுமே கேட்கிற கேள்வி.

"அம்மா, நீங்க எந்தத் தோட்டம்?"

பெயர் யேசுராஜ். பெரகலவுக்குக் கீழே ஒரு தோட்டத்தில் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். நான் பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் மிட்வைஃபாக இருந்தேன் என்றதும் உடனே "மிஸி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். எங்கள் பக்கத்தில் நர்சுக்கும் மிட்வைஃபுக்கும் அதுதான் பெயர். அறையைத் தானே கலைத்துவிட்டு மறுபடி அடுக்குவதாகவும், நாங்கள் சாப்பிடப் போகும்படியும் கெஞ்சினான். எனக்குச் சிரிப்பு வந்தது. நாளையிலிருந்து விரிப்பைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.

இவர் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து நீட்டினார். யேசுராஜ் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாம் ஐயா. டிப்ஸ் அவங்களே உங்க கணக்குல எடுத்து எங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துருவாங்க."

"அது கப்பல் குடுக்கிறது. இது நாங்க குடுக்கிறது."

அவன் நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு கேக்கலாமா ஐயா? கெஸ்ட்கிட்ட எதுவும் கேக்கக் கூடாதுன்னு சட்டம். கேட்டது தெரிஞ்சா அனுப்பிருவாங்க. நீங்க நம்ம ஆளுங்கன்னுதான் கேக்கிறேன்."

அவன் சொன்னது இதுதான். நோய் வந்து கப்பல்கள் நின்றபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பண்டாரவளையில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். திரும்பக் கூப்பிட்டதும் ஓடிவந்தான். அப்போது மனைவி புனிதாவுக்கு வயிற்றில் பிள்ளை. மாற்று ஆள் கிடைக்காமல் ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டே போகிறார்கள். பிள்ளைக்கு இப்போது எட்டு மாதம், பெயர் அபிஷா. கப்பல் எத்தனையோ துறைமுகத்தில் நிற்கிறது, பயணிகள் பஸ்ஸில் போய்வருகிறார்கள், வேலையாட்கள் மட்டும் இறங்கக் கூடாது. நாளைக்கு அம்பாந்தோட்டையில் நிற்கும்போதும் அப்படித்தான்.

"மழை இல்லாட்டி மேல்தட்டுல நின்னா நம்ம மலை தெரியும் மிஸி. போன தடவை பாத்தேன்."

நடைபாதையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு அவன் கேட்க வந்ததைச் சொன்னான்.

"உங்க பஸ் எல்ல போயி, அப்புத்தளை போயி, பெரகல வழியாத்தான் எறங்கும். புனிதாவ பிள்ளையோட சந்தியில நிக்கச் சொல்றேன். மூஞ்சி, சிரிப்பு எல்லாம் போன்ல பாத்துட்டேன். கனம்தான் தெரியல. கிளினிக்குல நிறுத்தா ஆறு, ஆறரைன்னு நம்பர் சொல்லுவாங்க. இப்ப டீசல் இல்லாம ரெண்டு மாசமா கிளினிக்கும் நடக்கல. நம்பர் எனக்கு ஒண்ணும் வெளங்கல மிஸி. நீங்க எத்தனை பிள்ளைய தூக்கியிருப்பீங்க. ஒரு தடவை தூக்கிப் பாத்துட்டு வந்து, கையில எப்பிடி இருக்கான்னு சொல்லுங்க. அதுவே எனக்கு டிப்ஸ்."

இவர் காசைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் "சரி தம்பி" என்றேன். எப்படி என்று யோசிக்காமலே சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை அம்பாந்தோட்டை. சொந்த நாட்டில் சுற்றுலாப் பயணியாக இறங்குவது விசித்திரமான அனுபவம். கையில் மருந்து தெளித்து, குளிரூட்டிய பஸ்ஸில் ஏற்றி, கதவைச் சாத்தினார்கள். ஜன்னல்கள் திறக்காது. முன் இருக்கையில் கப்பலின் நர்ஸ், பிலிப்பீன்ஸ் நாட்டுப் பெண், எங்கள் பபிளுக்குக் காவல். பஸ்ஸில் மீதிப் பேர் எல்லாம் சென்னைக்காரர்கள். வெல்லவாயவில் டீசலுக்கு நின்ற லொறி வரிசையைப் பார்த்து, "ஏதாவது திருவிழாவா?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். அந்த வரிசையில் நாங்களும் நின்றிருக்கிறோம்.

எல்லவில் எங்களுக்கென்று மறித்து வைத்த ஒரு தேயிலைத் துண்டில் இறக்கினார்கள். வழிகாட்டி, சிங்களப் பையன், நல்ல ஆங்கிலத்தில் கொழுந்து எப்படிப் பறிப்பது என்று எனக்கு விளக்கினான். நான் கவனமாகக் கேட்டேன். சென்னை அம்மாக்கள் கூடையைத் தலையில் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் கூடைப் பட்டி நெற்றியில் இறங்கிக் கண்ணை மறைத்தது. என் கை பரபரத்தது, ஆனால் இடைவெளி விதி இருந்ததால் தூர நின்றே, "மேல ஏத்துங்க, இன்னும் மேல" என்றேன். மலைக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. காயப்போட்ட துணியைப் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துவைத்தாளோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புத்தளையில் பனிமூட்டம். பெரகலவுக்கு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சந்தி நெருங்க நெருங்க நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். பஸ் நிற்காமல் போனால் பிள்ளையை ஒரு நொடிதான் பார்க்கமுடியும். கடவுளே என்று நான் முணுமுணுத்த நேரம், பஸ் நின்றேவிட்டது. கொஸ்லந்தப் பாதையில் பாறை விழுந்திருக்கிறதாம். பொலிஸ்காரர் மழைக்கோட்டோடு வந்து கையைக் காட்டினார், முன்னால் லொறிகள் வரிசையாக நின்றன. பஸ்ஸுக்குள் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். நான் மட்டும் அந்தப் பாறைக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

எங்கள் ஜன்னலுக்கு நேரே ஒரு மரக்கறிக் கடை. அதன் தாழ்வாரத்தில் குடையை மடக்கிக்கொண்டு ஒரு மெலிந்த பெண், இடுப்பில் பிள்ளை. இவருடைய போனில் நம்மூர் சிம் இருந்தது. யேசுராஜ் கொடுத்த நம்பரை அழுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் போனைக் காதில் வைத்தாள்.

"மிஸி, நீங்களா? கறுப்புக் கண்ணாடி போட்ட ஐயா பக்கத்துலயா?"

"ஆமாம்மா. இரு, இந்தா வாறேன்."

நர்ஸிடம் போய் உண்மையைப் பாதி சொன்னேன். தெரிந்தவர்களின் பிள்ளை, ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், கையைக் கழுவிக்கொள்கிறேன், நானும் மிட்வைஃப்தான் என்றேன். யார் பிள்ளை என்று சொல்லவில்லை. சொன்னால் அந்தத் தம்பியின் வேலை போய்விடும்.

அவள் கண்ணில் இரக்கம் தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள். "மன்னியுங்கள் அம்மா. கப்பலில் வயதானவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள். நீங்கள் என் இடத்தில் இருந்தால் இறங்கவிடுவீர்களா?"

விடமாட்டேன். நோய் உச்சத்தில் இருந்தபோது, பிள்ளையைப் பார்க்க வந்த சொந்தங்களை லயத்து வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவள் நான். இருக்கைக்குத் திரும்பினேன். புனிதா பிள்ளையைத் தூக்கிக் கண்ணாடிக்குக் காட்டினாள். பிள்ளை என்னைப் பார்க்காமல் பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஆடிய வைப்பரைப் பார்த்தது. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் கடை வாசலில் இருந்த தராசைக் கண்டேன். மேலே தட்டும் முன்னால் வட்ட முகமும் உள்ள தராசு, முள் பாதையைப் பார்த்தபடி இருந்தது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் மலைக்குப் போனபிறகு பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இடத்தில், மாதம் ஒருமுறை நான் செய்த வேலை ஞாபகம் வந்தது. தொடக் கூடாது என்றால் நிறுப்பதற்கு என்ன தடை?

"புனிதா, பிள்ளைய அந்தத் தராசுல வையும்மா."

"கரட் தராசுலயா மிஸி?"

"அதுலதான். முதலாளிகிட்ட கேளு."

கடை முதலாளி வயதான சிங்களவர். அவள் கேட்டதும் பஸ்ஸையும் என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் நாற்பது வருசமாக லீக்ஸ் நிறுக்கிறேன், ஒரு லீக்ஸும் இப்படி என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை" என்று சிங்களத்தில் சொன்னது போனில் கேட்டது. தட்டைத் துடைத்து, தன் தோளிலிருந்த துவாயை விரிக்க எடுத்து, மனம் மாறி உள்ளே போய்ப் புதுத் துவாய் ஒன்று கொண்டுவந்து விரித்தார். எனக்கு அந்த மனிதரின் காலில் விழவேண்டும்போல இருந்தது.

பிள்ளையை வைத்ததும் முள் ஆடியது. பிள்ளை பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு கரட்டை இழுத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பிடுங்கினால் வீறிட்டது, கொடுத்தால் சிரித்தது. இதற்குள் சென்னைக்காரர்கள் எல்லோரும் எங்கள் பக்க ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். "எட்டு கிலோ இருக்கும்" என்றார் ஒருவர். "சின்னக் குழந்தைங்க, ஏழுக்கு மேல இருக்காது" என்றார் அவர் மனைவி. நர்ஸும் எழுந்து வந்தாள். இடைவெளி விட்டு நிற்கச் சொல்லிவிட்டு அவளும் எட்டிப் பார்த்தாள்.

முள் நின்றது. ஏழு கிலோ முந்நூறு.

"கரட்டைக் கழி" என்றார் என் வீட்டுக்காரர். முதலாளி அதேபோல இன்னொரு கரட்டை எடுத்துக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, நூறு கிராம் என்று விரலைக் காட்டினார். ஏழு இருநூறு. பஸ்ஸுக்குள் கை தட்டினார்கள். பாறை விழுந்த எரிச்சல் எல்லாருக்கும் போயிருந்தது.

எனக்கு மட்டும் மனம் நிறையவில்லை. நம்பர் விளங்கவில்லை என்றுதானே அந்தத் தம்பி சொன்னான். நான் கொண்டுபோவது நம்பர்தான்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து வந்த பஸ் ஒன்று சந்தியில் திரும்பியது. "பதுளை, பதுளை, பதுளை" என்று கண்டக்டர் கத்தினான். இவர் கால் தன்பாட்டில் எழும்பியது. முப்பது வருடம் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவர்.

"இறங்கிருவமா? இருட்டுக்கு முன்ன வீட்டுல இருக்கலாம். பாஸ்போர்ட்டைப் பிறகு பாத்துக்குவோம்" என்றார் மெதுவாக.

"இவ்வளவு பேரையும் ரூமுக்குள்ள அடைச்சு வச்சிருவாங்க. அதோட அந்தத் தம்பிக்கு யார் போய்ச் சொல்றது?"

"போன்ல சொல்லு."

"போன்ல சொல்றதுக்கா நம்மகிட்ட கேட்டுச்சு?"

அவர் பதுளை பஸ் வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவர் எனக்குச் செய்த பெரிய உதவிகளில் அது ஒன்று. கொஞ்ச நேரத்தில் பாதை திறந்தது. புனிதா பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டினாள், கரட்டும் சேர்ந்து ஆடியது.

கப்பல் அன்று மாலையே துறைமுகத்தை விட்டது. யேசுராஜ் அறைச் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். நடைபாதையில் இடைவெளி விட்டு நின்றான். நடந்ததைச் சொன்னேன். பாறை, தராசு, முதலாளி, கரட் எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்தான்.

"ஏழு இருநூறா மிஸி. நல்ல வெயிட்தானே?"

"நல்ல வெயிட் தம்பி. தூக்கத்தான் விடல."

"பரவாயில்ல மிஸி. இவ்வளவு செஞ்சீங்களே" என்றான். குரலில் மரியாதை இருந்தது, ஏமாற்றமும் இருந்தது. அடுத்த அறைக்குப் போகத் திரும்பினான்.

"கொஞ்சம் நேரம் கழிச்சு மறுபடி வா" என்றேன். வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்கே யோசனை பிடிபட்டது.

ஒவ்வொரு நாளும் கப்பல்காரர்கள் வைத்த அரை லிட்டர்த் தண்ணீர்ப் போத்தல்களை, சும்மா கிடைத்ததாயிற்றே என்று அலுமாரிக்குள் அடுக்கி வைத்திருந்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பன்னிரண்டு போத்தல் ஆறு கிலோ. குளித்துவிட்டு உடுத்தும் தடித்த அங்கி ஒரு கிலோவுக்குக் குறையாது. பிளாஸ்டிக்கின் கனத்தையும் சேர்த்தால் சரியாக வரும் என்றார் இவர். நிறைய இருந்த ஒரு போத்தலில் சந்தேகத்துக்கு ஒரு மிடறு குடித்தும் வைத்தார். போத்தல்களை ஒன்றோடொன்று நெருக்கி, கீழே அதிகமும் மேலே குறைவுமாக அடுக்கி, அங்கியால் சுற்றி, அதன் பட்டியாலேயே கட்டினேன். எத்தனை பிள்ளைகளைச் சுற்றிக் கொடுத்த கை இது. தூக்கிப் பார்த்தேன். எட்டு மாதப் பிள்ளைதான், சந்தேகமில்லை.

யேசுராஜ் வந்ததும் மூட்டையை அவன் வண்டியின் மேல் வைத்துவிட்டுக் கதவுக்குள் பின்வாங்கினேன்.

"தூக்கு" என்றேன்.

அவன் பெட்டி தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கினான்.

"அப்பிடியில்ல. இடுப்புல வை. இடது பக்கம். ஒரு கைய முதுகுக்குக் குடு."

அவன் இடுப்பில் வைத்தான். உள்ளே தண்ணீர் அசைந்தது, மூட்டை ஒரு பக்கமாகச் சரிந்தது. அவன் கை தானாகவே அதைச் சேர்த்து இழுத்துப் பிடித்தது. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. முகக்கவசம் ஈரமாகிக்கொண்டு வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே உடம்பை மெல்ல ஆட்ட ஆரம்பித்தான். என் வீட்டுக்காரர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் நின்ற இடத்திலேயே அழுதேன்.

"கனமாத்தான் இருக்கா மிஸி" என்றான்.

நடைபாதையின் கோடியில் யாரோ மணியை அழுத்திக் கூப்பிட்டார்கள். அவன் மூட்டையைக் கீழே வைக்கவில்லை. இடது இடுப்பில் அதை அணைத்தபடி, ஒற்றைக் கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த அறைக்குப் போனான்.